பந்து உருளும் நேரம்

சி உரிமத்துக்கு அறுபது மணி நேர வகுப்பு.
வாரக் கடைசியில் தோர்ஷாவ்ன் வரை,
கடலுக்கு அடியில் குடைந்த பாதையில்
நானே காரை ஓட்டிப் போவேன்.
எத்தனை துவைத்தாலும் என் ஜாக்கெட்டில்
சால்மன் வாசம் போகாது.
பதினாறு பேர்.
ஒரு தச்சர், இழுவைப் படகுக்காரர் இருவர்,
முழங்கால் போன பழைய கோல்கீப்பர்...
பெண் என்று நான் ஒருத்தி.

முதல் நாள் முதலுதவி.
ரப்பர் பொம்மையின் மார்பை அழுத்தி அழுத்தி
என் மணிக்கட்டு வீங்கியது.
தலையில் அடிபட்ட பிள்ளையிடம்
இன்று என்ன கிழமை என்று கேட்க வேண்டுமாம்.
தச்சரிடம் கேட்டுப் பழகினேன்.
அவர் வெள்ளி என்றார். அன்று சனி.
உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

தேர்வு என் ஊர் மைதானத்தில்.
ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் துறைமுகம்,
நடுவே ஒரு துண்டுச் செயற்கைப் புல்.
பத்து வயதுக்குக் கீழே பன்னிரண்டு பிள்ளைகள்.
மூன்று பக்கத் திட்டம், அம்புக்குறிகளோடு.
காற்று அடித்துப்போகாமலிருக்க
ஒவ்வொரு கூம்பின் மேலும் கல் வைத்தேன்.
காலரில் ஒரு மைக்.
தேர்வாளர் பெய்னிர் கையில் இரண்டு கடிகாரம்:
பந்து உருளும்போது ஓடுவது ஒன்று,
நான் பேசும்போது ஓடுவது மற்றொன்று.

இருபது நிமிடத்தில்
பந்துக்குக் கிடைத்தது எட்டு.

தோல்வி என்று எழுதமாட்டார்கள் இங்கே.
'இன்னும் இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு,
அதில் டிக் போட்டார்.
'உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்'
என்று ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார்.

அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
பத்தொன்பது வருஷம்
செதிள் சீவும் இயந்திரத்துக்கு மேலே
கத்திப் பழகிய தொண்டை என்னுடையது.
கொடு. கொடு. அங்கே இல்லை.
தலையைத் தூக்கு. நில், எல்லாரும் நில்.
பார், இங்கே பார். கொடு.
ஒரு சொல்லுக்கு ஒரு தீக்குச்சி என்று அடுக்கினேன்.
பெட்டி தீர்ந்தது.
ஹோக்னி எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினான்.

பதினான்காம் நிமிடத்தில்
மைக்குக்கு மிக அருகே ஒரு கிசுகிசுப்பு.
சின்ன ரோய்தான்:
'ஏன் பந்தை வச்சுக்கிட்டே நிக்குற?'
துரிட் சொன்னாள்:
'பொறு. இப்ப சொல்லுவாங்க.'

பிறகு ஒரு விநாடி வெறும் காற்று.

பிறகு
சொன்னேன்.

கிழங்கு அடிப்பிடித்த வாசம்கூட
வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

மறுதேர்வன்று
உப்பு அதிமதுர மிட்டாய் இரண்டை
கன்னத்துக்கு ஒன்றாக ஒதுக்கிக்கொண்டேன்.
கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.
விளையாட்டு ஆரம்பித்ததும்
பந்து கிடைத்தவர்கள் எல்லாரும்
என் வாயையே பார்த்தார்கள்.
மிட்டாய் நாக்கைச் சுட்டது.
எவ்வளவு நேரமோ.
முதலில் ரோய் பார்ப்பதை நிறுத்தினான்.
பிறகு ஸில்லா. பிறகு யாருமே பார்க்கவில்லை.
சொல்வதற்கு வழியில்லை,
அது கொஞ்சம் வலித்தது.

துரிட் ஓங்கி உதைத்த பந்து
வேலியைத் தாண்டிக் கடலில் விழுந்தது.
பன்னிரண்டு பேரும் கம்பியில் தொற்றிக்கொண்டு
படகிலிருந்த கிழவரைக் கூவி அழைக்க,
அவர் மீன்வலையை நீட்டி, தவறி,
மறுபடி நீட்டி...
எந்தக் கடிகாரத்தை ஓடவிடுவது என்று தெரியாமல்
பெய்னிர் இரண்டையும் நிறுத்தினார்.

வியாழக்கிழமை போன் வந்தது.
'மைக் பழுதா?
காற்றும் சிரிப்பும்தான் இருக்கிறது.
ஓரிடத்தில் யாரோ மிட்டாய் கடிக்கிறார்கள்.'

உரிமம் தபாலில் வந்தது.
மூன்று வருஷம் செல்லும்,
பிறகு புதுப்பிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை
பக்கத்துத் தீவோடு ஆட்டம்.
மழை, சமநிலை, இரண்டே நிமிடம் பாக்கி.
துரிட் காலில் பந்து.
என்னையறியாமல் 'கொடு!' என்று
துறைமுகமே திரும்பும்படி கத்திவிட்டேன்.

அவள் நின்று
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
எப்போதோ கொடுத்திருந்தாள்.